லிஃப்டே இல்லாத வீடு

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள், லிஃப்ட்காரனைத் தவிர. அவன் உள்ளேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லிஃப்டின் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை இஞ்ச் ஏறி நிக்குது," என்றான்.

அவ்வளவுதான். வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே அந்த வீடு போயிற்று என்று அவன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வாரம்தான் கதைக்குள் காலடி வைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். முதலிலிருந்து படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட்காரன் என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவன் இல்லை. லிஃப்ட் மாட்டுவான், கயிறு மாற்றுவான், நடுவில் சிக்கிக்கொண்டவர்களை இறக்கிவிடுவான். கம்பெனி அவனை வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றியிருக்கிறது. முதலில் ஒரு வாரம் குடும்பத்தோடு போய் ஊரைப் பாருங்கள், வீட்டைப் பாருங்கள் என்று டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது. அந்த ஒரு வாரம்தான் இப்போது முடிகிறது. நாளை மதியம் திரும்பிப் போக விமானம்.

வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டால்தான் மனைவிக்கும் குழந்தைக்கும் விசா கேட்டு எழுத முடியும் என்று அவன் அவளிடம் சொல்லியிருந்தான். வீடு கிடைக்காவிட்டால் அவன் மட்டும் வரவேண்டும், இரண்டு வருஷத்துக்கு.

அவள் சும்மா இருக்கிறவள் அல்ல. செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை பார்த்தவள். பார்த்தவள் என்று எழுதும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் வெளிநாடு போகிறோம் என்றதும் அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். குடியிருந்த வாடகை வீட்டையும் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. பீரோவை விற்றாயிற்று. தொட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அந்தத் தொட்டிலின் சொந்தக்காரிதான் பட்டாணி. பத்து மாதம். பேர் வைத்தபோது வேறு ஏதோ பெரிய பேர்தான் வைத்தார்கள், கூப்பிடுவது பட்டாணி. அவளுக்கு மாட்டுப் பால் ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் உடம்பு முழுக்கத் தடித்து, உதடு வீங்கி, வீட்டையே ரெண்டு பண்ணிவிடுவாள்.

சரி, ஐந்தாவது மாடிக்கு வருவோம்.

"அரை இஞ்ச்தானே?" என்றாள் அவள். "தாண்டி வரத் தெரியாதா நமக்கு?"

"குழந்தை வண்டிச் சக்கரம் தட்டும். தட்டினா நீ குனிவே. நீ குனியிற நேரம் கதவு மூடும். சென்சார் வேற சோம்பேறியா இருக்கு, பாரு." காலை நீட்டிக் காட்டினான். கதவு அவன் முழங்கால் வரை வந்து, யோசித்து, பிறகு திரும்பிப் போனது.

"போன வீட்ல என்ன சொன்னீங்க?"

"கயிறு கத்துச்சு."

"அதுக்கு முந்தின வீட்ல?"

"அது லிஃப்டே இல்ல, சாமான் ஏத்துற பெட்டி. அதுல மனுஷங்களை ஏத்துறாங்க."

வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் அம்மாள் சாவியைக் கையில் சுழற்றியபடி நின்றாள். இவர்கள் பேசுவது ஒரு எழுத்தும் அவளுக்குப் புரியாது. ஆனால் இந்த வாரம் முழுக்க இவர்களோடு சுற்றியதில், இந்த மனிதன் குனிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது மட்டும் புரிந்திருந்தது.

வீடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. இரண்டு அறை. சமையலறையில் நின்றால் கூடத்தில் விளையாடும் குழந்தை தெரியும். அவள் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வேண்டுமென்றே எதையும் ரசிக்காமல் வெளியே வந்தாள். பிடித்த வீட்டையெல்லாம் விட்டுவிட்டு வந்து வந்து மனசு புளித்துப் போயிருந்தது.

அவனைப் பார்த்தாள். தாடை அசைந்துகொண்டிருந்தது. பல்லைக் கடிக்கிறான். பத்து வருஷம் பல்லோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போகுமா? அவன் கடைவாய்ப் பல் தேய்ந்திருப்பதைப் பார்த்துத்தான், கல்யாணமான புதிதில், ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்தாள். மனசில் ஏதாவது கிடந்து குடைந்தால்தான் அவன் கடிப்பான்.

பாவம், நல்ல லிஃப்ட் கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது லிஃப்ட்காரன் படியில் இறங்கினான். அந்த லிஃப்டில் இன்னொரு முறை ஏறுவது தன் தொழிலுக்கே கேவலம் என்றான். பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் நாத்தனாரும் லிஃப்டில் வந்தார்கள்.

நாத்தனார் அவனுடைய தங்கை. இந்த ஊருக்கு அவர்களுக்கு முன்பே வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, நடக்கவைக்கிற வேலை. பெண்கள் விடுதியில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறாள். ஊர்ப் பாஷை அவளுக்குத்தான் தெரியும். அண்ணன் குடும்பம் வருகிறது என்றதும் லீவு போட்டுவிட்டு வாரம் முழுக்க வாலைப் போலக் கூடவே வந்தாள். ஆனால் ரெண்டு நாளாக அவள் கலகலப்பு எங்கோ போயிருந்தது. அலைச்சல் என்று அண்ணி நினைத்தாள்.

"உங்க அண்ணனுக்கு வீடு வேணாம், லிஃப்டுதான் வேணும்," என்றாள் அவள். "பேசாம ஒரு லிஃப்டை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

நாத்தனார் சிரிக்கவில்லை.

"ஏன்டி, லிஃப்டே இல்லாத வீடு ஒண்ணு இந்த ஊர்ல கிடைக்காதா?"

"இருக்கு அண்ணி."

அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்ட மறு நொடியே பதில் வந்துவிட்டதே!

"தரை வீடு. தெருவுலேர்ந்து நேரா உள்ள போகலாம். புரோக்கர்கிட்ட நேத்தே சொல்லி வச்சுட்டேன். மத்தியானம் சாவி வந்துடும்."

"நேத்தே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சாவி வரட்டும்னு பார்த்தேன்," என்று நாத்தனார் லிஃப்டில் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மகளுக்குத்தான் பால் ஆகாது, தாய்க்கு அன்றைக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. நாத்தனாரின் கன்னத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"அவர்கிட்ட இப்ப மூச்சு விடாதே. நேரா கூட்டிட்டுப் போய் நிறுத்துவோம். என்ன சொல்றார்னு பார்க்கலாம்."

"ஆமா அண்ணி," என்றாள் நாத்தனார். "என்ன சொல்றான்னு பார்க்கலாம்."

சாவி வரும்வரை மளிகைக் கடைக்குப் போனார்கள்.

அந்தக் கடைக்கும் அவளுக்கும் ஒரு கதை உண்டு. திங்கட்கிழமை சாயங்காலம், நாத்தனார் இல்லாத நேரத்தில், குழந்தைக்குக் கஞ்சிமாவு வாங்கப் போனாள். டப்பாக்களில் இருந்த எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை. பால் கலக்காத மாவு வேண்டும் என்பதைக் கடைக்காரிக்கு எப்படிச் சொல்வது? தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடைக்காரி புரிந்துவிட்டது என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், கறிப் பகுதியைத் தாண்டி, காய்கறிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். மாட்டுக்கறி சாப்பிடாதவள் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் விடுவாளா? கடை நடுவே குந்தி உட்கார்ந்து, இல்லாத மாட்டின் இல்லாத மடியைப் பிடித்துப் பால் கறந்து காட்டினாள். லிஃப்ட்காரன் இவளை யாரென்றே தெரியாதவன் போல சோப்புப் பக்கம் நகர்ந்துவிட்டான். கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த மேல்பல் செட் கீழே நழுவியதை அவள் கவனிக்கத் தவறவில்லை. அளவு சரியில்லாத செட், ஓரத்தில் ஒரு மயிரிழை தேய்த்தால் போதும், உட்கார்ந்துகொள்ளும் என்று அந்த நிலையிலும் தோன்றியது.

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள். இவள் நுழைந்தாலே கடைக்காரி தலையில் கொம்பு வைத்துக் காட்டுவாள். அதுதான் வணக்கம்.

இன்றைக்கும் கொம்பு காட்டினாள். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள். நாத்தனார் வாங்கிப் பார்த்தாள்.

"அரிசியும் பயறும் வறுத்து அரைச்ச மாவாம் அண்ணி. பால் சுத்தமா கிடையாது. வழக்கமா இங்க வராதாம், உங்களுக்குன்னு சொல்லி வரவழைச்சாங்களாம். மாசாமாசம் எடுத்து வைக்கட்டுமான்னு கேக்குறாங்க."

யார் பெற்ற பிள்ளைக்கோ யாரோ ஒரு பொம்பளை மாவு வரவழைக்கிறாள்!

"வைக்கச் சொல்லு. மாசம் ரெண்டு பை."

அப்புறம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயத்தை அமுக்கிப் பார்த்தாள். அரிசி மணியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். இந்த ஊர் அரிசி குழையுமா, உதிருமா என்று வாரம் முழுக்கத் தங்கியிருந்த அறையின் சின்ன அடுப்பில் வடித்து வடித்துப் பார்த்து, நாலாவது ரகத்தில்தான் திருப்தி வந்திருந்தது. அந்த ரகத்தில் பெரிய பையாக எடுத்தாள்.

லிஃப்ட்காரன் அதை வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த குட்டிப் பையை எடுத்தான்.

"இது போதும்."

"ஒரு ஆளுக்கா சமைக்கப் போறோம்?"

"நாளைக்கு ஃப்ளைட்டு. இவ்வளவையும் யார் தூக்கறது?"

"யாரும் தூக்க வேண்டாம். வீடு முடிஞ்சா வீட்லயே வச்சுட்டுப் போகலாம். முதல் முதல்ல அடுப்பு பத்தவைக்கிறப்போ அரிசி இருக்கணும்ல?"

அவள் பெரிய பையையே எடுத்துக்கொண்டாள். பட்டாணி அப்பாவின் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அவன் வழக்கமாகப் பிடுங்கிவிடுவான். இன்றைக்கு விட்டுவிட்டான்.

நாத்தனார் காய்கறிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கதாநாயகிக்கு அன்றைக்குக் கண் இருந்தது, பார்க்கத்தான் மனசில்லை.

தரை வீடு ஒரு அமைதியான தெருவில் மூன்றாவதாக இருந்தது. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் பேருக்குத்தான். வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

புரோக்கர் அம்மாள் கதவைத் திறந்துவிட்டு, போன் வந்ததால் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அவள் முதலில் அடுப்படிக்குப் போனாள். இரண்டு அடுப்பு. தண்ணீர்த் தொட்டி அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது, குனிந்து குனிந்து முதுகு போகாது. ஜன்னலுக்கு வெளியே சின்ன முற்றம், துணி காயப்போடக் கம்பி. அலமாரியைத் திறந்தாள். காலி. கையிலிருந்த மளிகைப் பையைப் பிரித்து அரிசியை மேல் தட்டிலும், பட்டாணியின் மாவை எட்டுகிற தட்டிலும் வைத்தாள். வெங்காயத்துக்குக் கீழே இடம் பார்த்தாள். கையெழுத்துப் போடாத வீட்டில் வெங்காயம் வைத்த பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பட்டாணியைக் கூடத்துத் தரையில் உட்காரவைத்தாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்த கரண்டியால் பட்டாணி தரையைத் தட்ட ஆரம்பித்தாள்.

"என்னங்க! வாங்க! லிஃப்டைப் பார்த்துச் சொல்லுங்க!" என்று அவள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

லிஃப்ட்காரன் வாசற்படியில் நின்றான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். குனிய இடமில்லை. பிறகு உள்ளே வந்து சுவரைத் தொட்டான்.

"ஈரம் இருக்கும் போல. தரை வீடுன்னாலே ஈரம்தான்."

அவளும் தொட்டுப் பார்த்தாள். சுவர் அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

"எங்க ஈரம்?"

"மழைக் காலத்துல தெரியும். அப்புறம், தெரு சத்தம். குழந்தை தூங்காது."

தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. புரோக்கர் அம்மாள் போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுவது உள்ளே வரை கேட்டது.

"ஜன்னல் சின்னது," என்றான்.

"உங்க அண்ணனைவிடப் பெருசு," என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. மூடினான். சொட்டுகிறதா என்று காத்திருந்தான். சொட்டவில்லை. மறுபடி திறந்தான், மறுபடி மூடினான். தாடை அசைந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதன் வீடு தேடவில்லை. குறை தேடுகிறான். வாரம் முழுக்கக் குறைதான் தேடியிருக்கிறான். லிஃப்ட் அவனுக்கு வசதியாகப் போயிற்று, ஏனென்றால் லிஃப்டைப் பற்றி அவன் சொன்னால் மறுத்துப் பேச வீட்டில் யாருக்கும் ஞானம் கிடையாது.

"என்னங்க, என்னைப் பாருங்க."

அவன் குழாயைப் பார்த்தான்.

"லிஃப்ட் இல்ல. மாடிப்படி இல்ல. ஈரம் இல்ல. சத்தம் இல்ல. இன்னும் என்ன இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்க."

"விசா இல்ல," என்றான்.

பட்டாணி தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"உங்களுக்கு விசா கிடையாது. திங்கட்கிழமை ஆபீஸ் போனேன்ல, அன்னிக்கே சொல்லிட்டாங்க. வேலையைக் குறைச்சுட்டாங்களாம். குடும்பத்தோட யாரையும் எடுக்கறதில்லையாம். நாலு பேருக்கு ஒரு ரூம். அவ்வளவுதான்."

இன்றைக்கு வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை பார்த்த வீட்டில் ஜன்னலுக்கு எந்த நிறத்தில் துணி தைக்கலாம் என்று அவனிடம் கேட்டாள். அவனும் யோசித்து, நீலம் நல்லா இருக்கும் என்றான். புதன்கிழமை பார்த்த வீட்டில் பட்டாணிக்கு எந்த அறை என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு நீலம் என்றிருக்கிறான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக, எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?"

"வேலையை விட்டுட்டு வந்திருக்கே. வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. எப்படிச் சொல்லுவேன்? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... நீ கடையில பால் கறந்து காட்டிட்டு நிக்கிறே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வீடு பிடிக்கலைன்னு நானே சலிச்சுப் போய் ஊருக்குத் திரும்பிடுவேன். பழி லிஃப்ட் மேல போயிடும். அதானே?"

அவன் மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கி மூடினான்.

"நீ?" என்று நாத்தனாரிடம் திரும்பினாள்.

"முந்தாநாள் சொன்னான் அண்ணி. உங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அதான் இந்த வீட்டைத் தேடிப் பிடிச்சேன். சாக்கு சொல்ல ஒண்ணுமே இல்லைன்னா சொல்லித்தானே ஆகணும்?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "என்னைத் திட்டுங்க அண்ணி."

திட்ட அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க. இந்த வேலையே வேண்டாம். நாளைக்கு மூணு பேரும் ஊருக்குப் போயிடலாம். லேப்ல கெஞ்சிக் கேட்டா என்னைத் திரும்ப எடுத்துப்பாங்க. நீங்க பழைய இடத்துலயே..."

"பழைய இடம் இல்லம்மா. அந்தக் கிளையை மூடறாங்க. இங்க சேரலைன்னா வேலையே கிடையாது."

"வேற கம்பெனி இல்லையா? லிஃப்ட் இல்லாத ஊரா நம்ம ஊரு?"

"தேடணும். தேடற வரைக்கும்?"

சம்பளம் வராத இரண்டு பேர், பால் ஆகாத ஒரு குழந்தை, மாதக் கடைசியில் போய்விடப் போகிற ஒரு வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு சுவர் நின்றது.

"எப்ப சேரணும்?" என்று கேட்டாள். கொஞ்சம் நாளாவது இருக்கும், ஊருக்குப் போய் மெதுவாகப் பேசி முடிவெடுக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

அவன் மறுபடி குழாயைத் தொட்டான்.

"அண்ணா, அதையும் சொல்லிடு," என்றாள் நாத்தனார். "இன்னும் எதுக்கு மூடி வைக்கிறே?"

"நாளன்னிக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நாளை மதியம் விமானம். நாளை ராத்திரி ஊரில் இருப்பார்கள். நாளன்னைக்கு இவன் எப்படி இங்கே...

புரிந்தபோது கை தானாக வாயைப் பொத்தியது.

"நாளைக்கு ஃப்ளைட்டு உனக்கும் பட்டாணிக்கும்தான்," என்றான் அவன். "என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியாச்சு. திரும்பிப் போயிட்டு வர டைம் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் கேட்டேன். ரொம்பக் கேட்டேன்."

"அதை எங்கிட்ட எங்க வச்சுச் சொல்றதா இருந்தீங்க?"

அவன் பட்டாணியைப் பார்த்தான்.

"ஏர்போர்ட்லயா?"

தாடை மட்டும் அசைந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசை வரைக்கும் வந்திருப்பான். அங்கே வைத்துச் சொல்லியிருப்பான், நாலு பேர் பார்க்க அவள் சத்தம் போட மாட்டாள் என்று. அல்லது அங்கேயும் சொல்லியிருக்க மாட்டான். உள்ளே போ, இதோ வரேன் என்றிருப்பான். கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து இவனைத் தெரியும் என்று நினைத்திருந்தாள். பல்லைத்தான் தெரிந்திருக்கிறது.

"நாங்க போய் எங்க இருக்கறது?"

"மாசக் கடைசி வரைக்கும் வீடு இருக்கே."

"அப்புறம்?"

"அதுக்குள்ள ஏதாவது..." என்று ஆரம்பித்தவன், முடிக்க முடியாமல் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பட்டாணி கரண்டியைப் போட்டுவிட்டு அப்பாவையே பார்த்தாள். பிறகு, இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டி, தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். அவன் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று ஆத்திரமும் வந்தது.

அந்த நேரம் பார்த்து புரோக்கர் அம்மாள் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சும் அப்பா, அலமாரியில் அடுக்கி வைத்த அரிசி, அடுப்படியில் அம்மா. அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. வாரம் முழுக்க அலைந்ததற்கு இன்றைக்காவது கூலி வந்தது என்று நினைத்திருப்பாள். சிரித்தபடி எதையோ கேட்டாள்.

"வீடு பிடிச்சிருக்கான்னு கேக்குறாங்க," என்றாள் நாத்தனார் தணிந்த குரலில். "நான் வேண்டாம்னு சொல்லிடறேன் அண்ணி."

"சொல்லாதே."

"அண்ணி..."

"பிடிச்சிருக்குன்னு சொல்லு. நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடறோம், அதுவரைக்கும் வேற யாருக்கும் காட்டாதீங்கன்னு சொல்லு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "நாளைக்கு நீங்க ஃப்ளைட்டு ஏறணும் அண்ணி. விசா இல்லாம எப்படி..."

"தெரியும். நான் சொன்னதைச் சொல்லு."

நாத்தனார் சொன்னாள். புரோக்கர் அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டி, குனிந்து பட்டாணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வாசலில் காத்திருப்பதாகச் சைகை காட்டிவிட்டுப் போனாள்.

லிஃப்ட்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"யார் பேர்ல கையெழுத்துப் போடுவே? என்ன பண்ணப் போறே நீ?"

யார் பேரில் என்பது அவளுக்கே இன்னும் தெரியாது, இந்த வீட்டை விடக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். குழந்தையை அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.